ஏரிக்கு அடியில் 50 ஆண்டுகள் கிடந்த போர் விமானம்! தெரியுமா?

பழைய போர் விமானங்களைக் கைக்கெட்டும் தூரத்தில் நின்று பார்க்க ஆசையா? அப்படியானால் ஓர் ஊரின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்: பென்சகோலா!

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய ஊர். 1914-இல் அமெரிக்கக் கடற்படை தன் முதல் விமான நிலையத்தை அமைத்தது இங்கேதான். அந்தப் படைத்தளத்துக்குள்ளேயே இருக்கிறது தேசியக் கடற்படை விமான அருங்காட்சியகம். 1963-இல் திறந்தார்கள். இன்று அங்கே 150-க்கும் மேற்பட்ட விமானங்களும் விண்கலங்களும் நிற்கின்றன, தொங்குகின்றன, அண்ணாந்து பார்க்க வைக்கின்றன! நுழைவுக் கட்டணம் எவ்வளவு தெரியுமா? ஒரு பைசா கிடையாது!

உள்ளே போனால் ஏழு மாடி உயரக் கூடம். நான்கு நீலநிற ஸ்கைஹாக் ஜெட்டுகள் வைர வடிவில் அணிவகுத்து அந்தரத்தில் தொங்குகின்றன. நான்குமே அசல் விமானங்கள்! படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். வாயைப் பிளக்க வைக்கும் கதைகள் எல்லாம் இரண்டாம் உலகப்போர்க்கால விமானங்களிடம் இருக்கின்றன!

200-க்கும் மேற்பட்ட ஓட்டைகளோடு திரும்பி வந்த விமானம் எது தெரியுமா?

டான்ட்லெஸ் ரகக் குண்டுவீச்சு விமானம். எண் 2106. என்னைக் கேட்டால், இந்த அருங்காட்சியகத்தின் ராஜா இதுதான்!

1942 ஜூன் 4. பசிபிக் கடலின் நடுவே மிட்வே என்ற குட்டித் தீவு. அங்கிருந்து 16 டான்ட்லெஸ் விமானங்கள் கிளம்பின. குறி, ஜப்பானின் ஹிர்யூ என்ற விமானந்தாங்கிக் கப்பல். 2106-ஐ ஓட்டியவர் டேனியல் ஐவர்சன். அவருக்குப் பின்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்து இயந்திரத் துப்பாக்கியைப் பிடித்திருந்தவர் வாலஸ் ரீட். ஜப்பானின் ஜீரோ விமானங்கள் சூழ்ந்துகொண்டு சுட்டுத் தள்ளின. ஐவர்சனின் கழுத்தில் கட்டியிருந்த மைக்கை ஒரு குண்டு பிய்த்துக்கொண்டு போனது! கழுத்து? தப்பித்தது!

தரையிறங்கப் பார்த்தால் ஒரே ஒரு சக்கரம்தான் வேலை செய்தது. அந்த ஒற்றைச் சக்கரத்திலேயே இறக்கினார். எண்ணிப் பார்த்தபோது உடம்பெங்கும் 200-க்கும் மேற்பட்ட ஓட்டைகள்! கிளம்பிய 16 விமானங்களில் எத்தனை திரும்பின தெரியுமா? பாதிதான். மற்றவை திரும்பவே இல்லை.

இந்த ஹிர்யூ நம் பக்கத்துக் கடலுக்கும் வந்த கப்பல் என்பது தெரியுமா? மிட்வே போருக்கு இரண்டே மாதம் முன்பு, ஏப்ரல் 5-ஆம் தேதி கொழும்பையும் 9-ஆம் தேதி திருகோணமலையையும் தாக்கிய ஜப்பானியப் படையில் ஹிர்யூவும் இருந்தது! விமானந்தாங்கிக் கப்பலாகவே வடிவமைத்துக் கட்டத் தொடங்கிய உலகின் முதல் கப்பல், பிரிட்டனின் ஹெர்மிஸ். அதை மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் மூழ்கடித்தது அந்தப் படைதான்! அதே வாரத்தில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. சென்னை மக்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்கு ஓடினார்கள். தாத்தா பாட்டி வாயால் அந்தக் கதையைக் கேட்டவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்!

ஹிர்யூ கடைசியில் என்ன ஆனது? ஜூன் 4-ஆம் தேதி காலையில் சில நிமிட இடைவெளியில் மூன்று ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்கள் பற்றி எரிந்தன. மாலையில் ஹிர்யூவும் சிக்கியது. நான்கையும் அழித்தவை டான்ட்லெஸ் விமானங்களே! அவற்றின் இறக்கையின் பின்விளிம்பை அங்கே போனால் உற்றுப் பாருங்கள். சல்லடைபோல வட்ட வட்டமாகத் துளைகள். இவை துப்பாக்கி போட்ட துளைகள் அல்ல, பொறியாளர்கள் போட்டவை! ஏறக்குறைய செங்குத்தாகப் பாயும்போது வேகத்தைக் கட்டுக்குள் வைக்கும் தடுப்பு அது. துளை இருந்தால்தான் விமானம் நடுங்காமல் நேராக இறங்கும்!

போரில் தப்பிய விமானம் எங்கே மூழ்கியது தெரியுமா?

கடலில் இல்லை. ஏரியில்! சிகாகோ நகரை ஒட்டிய மிச்சிகன் ஏரியில்!

மிட்வேயில் அடிபட்ட 2106-ஐச் சரிசெய்து பயிற்சிக்கு அனுப்பினார்கள். 1943 ஜூனில் ஒரு பயிற்சிப் பறப்பின்போது ஏரியில் விழுந்தது. ஓட்டியவர் பிழைத்தார். விமானம் அடியாழத்துக்குப் போய்விட்டது. அரை நூற்றாண்டு அங்கேயே கிடந்தது! 1990-களில் தூக்கி எடுத்து எண்ணைப் பார்த்தால்... அட, மிட்வே விமானம்! அந்தப் போரில் பறந்த டான்ட்லெஸ்களில் இன்று மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான்!

ஏரியில் எப்படி விமானந்தாங்கிக் கப்பல் பயிற்சி என்கிறீர்களா? இதைக் கேளுங்கள். அட்லாண்டிக்கில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் அலைந்துகொண்டிருந்தன. நல்ல கப்பல்கள் எல்லாம் போர்முனையில். புதிய விமானிகளுக்குக் கப்பலில் இறங்கப் பழக்க வேண்டுமே? ஏரியில் உல்லாசப் பயணிகளை ஏற்றிக்கொண்டிருந்த இரண்டு நீராவிக் கப்பல்களைக் கடற்படை வாங்கியது. மேல்தளத்தை வெட்டி எறிந்துவிட்டு நீளமான ஓடுதளத்தைப் போட்டது. உல்வரீன், சேபிள் என்று பெயர் வைத்தது. நிலக்கரியில் ஓடும் கப்பல்கள். பக்கவாட்டில் பெரிய துடுப்புச் சக்கரங்கள் தண்ணீரைத் தள்ளும். துடுப்புச் சக்கரம் வைத்த விமானந்தாங்கிக் கப்பல்கள் உலக வரலாற்றிலேயே இவை இரண்டுதான்!

தினமும் காலையில் சிகாகோவிலிருந்து கிளம்பும், சாயங்காலம் கரைக்குத் திரும்பிவிடும். இப்படியே 17,000-க்கும் மேற்பட்ட விமானிகளைத் தேற்றி அனுப்பின அந்த இரண்டு பழைய கப்பல்கள்! அவர்களில் ஒருவர் பின்னாளில் அமெரிக்காவின் அதிபர் ஆனார். யார் தெரியுமா? ஜார்ஜ் புஷ், அப்பா புஷ்! ஆரம்பப் பாடம் படித்தபோது அவர் ஓட்டிய ஸ்டியர்மேன் ரக இரட்டை இறக்கை விமானம்கூட இதே அருங்காட்சியகத்தில் இருக்கிறது!

பயிற்சி என்றால் விபத்தும் உண்டு. 100-க்கும் மேற்பட்ட விமானங்கள் அந்த ஏரியில் விழுந்தன. கடல் உப்பு உலோகத்தை அரித்துத் தின்றுவிடும். மிச்சிகன் ஏரியோ நன்னீர், அடியில் கடும் குளிர். அதனால் பல விமானங்கள் வண்ணப்பூச்சுகூட உரியாமல் கிடந்தன! சுமார் 40 விமானங்களைத் தூக்கிவிட்டார்கள். அப்படிக் கிடைத்ததுதான் விண்டிகேட்டர் ரக விமானம். உலகத்தில் எஞ்சியிருக்கும் ஒரே விண்டிகேட்டர்! அந்த ஏரி மட்டும் இல்லையென்றால் அந்த ரகத்தையே நாம் புகைப்படத்தில்தான் பார்க்க முடியும். மீதி விமானங்கள்? இன்னும் தண்ணீருக்கு அடியிலேயே!

ஒரு ரப்பர் துண்டும் காகிதக் கிளிப்பும் போரின் போக்கை மாற்றினவா?

ஆமாம்! கப்பலில் இடம் கொஞ்சம், விமானத்தின் இறக்கையோ நீளம். கிரம்மன் நிறுவனத்தின் லெராய் கிரம்மன் பென்சில் அழிக்கும் ரப்பரை எடுத்தார். நிமிர்த்திய காகிதக் கிளிப்புகளை இறக்கையாகச் செருகினார். எந்தக் கோணத்தில் குத்தினால் இறக்கை திரும்பி உடம்போடு ஒட்டி மடங்கும் என்று குத்திக் குத்திப் பார்த்தார். பிடித்துவிட்டார்! 38 அடி அகல வைல்ட்கேட் போர் விமானம், இறக்கையை மடக்கினால் வெறும் 14 அடிச் சொச்சம்! வைல்ட்கேட், ஹெல்கேட், அவெஞ்சர் மூன்றுமே இப்படித்தான் மடங்கும். மூன்றையும் பென்சகோலாவில் பார்க்கலாம்.

ஹெல்கேட் என்றதும் ஞாபகம் வருகிறது. மூன்றே ஆண்டுகளில் எத்தனை ஹெல்கேட் கட்டினார்கள் தெரியுமா? 12,275! ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்துக் கணக்குப் போட்டாலும் ஒரு நாளைக்குப் பதினொன்று! அது வீழ்த்திய எதிரி விமானங்கள் 5,000-க்கும் மேல்!

கோர்ஸேர் விமானத்தின் இறக்கை ஏன் வளைந்திருக்கிறது?

எதிரே போய் நின்று பாருங்கள். இறக்கை உடம்பிலிருந்து கீழே இறங்கி, பிறகு மேலே ஏறும். அழகுக்காகவா? இல்லவே இல்லை! 18 சிலிண்டர், 2,000 குதிரைத்திறன் எஞ்சின். அதற்கு ஈடுகொடுக்க 13 அடிக்கும் அதிகமான விட்டத்தில் ஒரு ப்ரொப்பெல்லர். நேரான இறக்கை என்றால் ப்ரொப்பெல்லர் தரையில் இடிக்கும். சக்கரக் காலை நீட்டினாலோ, கப்பலில் தொப்பென்று இறங்கும்போது கால் ஒடியும்! இறக்கையை வளைத்தார்கள். மிகத் தாழ்ந்த இடத்தில் குட்டையான, கெட்டியான காலை வைத்தார்கள். இரண்டு பிரச்சினையும் ஒரே வளைவில் தீர்ந்தது!

1944 ஏப்ரலில் திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து கிளம்பிய நேச நாட்டுக் கப்பற்படை சுமத்ராவை ஒட்டிய சபாங் துறைமுகத்தைத் தாக்கியபோது, பிரிட்டனின் இல்லஸ்ட்ரியஸ் கப்பலிலிருந்து பறந்தவற்றில் கோர்ஸேர்களும் உண்டு!

கோர்ஸேர் கடைசியாக எப்போது சண்டை போட்டது என்று ஊகியுங்கள். 1945? 1953? இல்லை, 1969 ஜூலை! ஹோண்டுராஸ், எல் சால்வடார் நாடுகளுக்கு இடையே நடந்த போரில் கோர்ஸேர்கள் கோர்ஸேர்களையே சுட்டன! அதே மாதத்தில்தான் நிலவில் மனிதன் கால் வைத்தான்!

மணல் மூட்டையைக் கட்டி விமானத்தை நிறுத்திய கதை தெரியுமா?

அங்கே நிற்கும் கப்பல் விமானங்களின் வாலுக்கு அடியில் குனிந்து பாருங்கள். ஒரு கொக்கி இருக்கும். கப்பல் தளத்தில் குறுக்கே கட்டிய கம்பியை அந்தக் கொக்கி பிடித்தால்தான் விமானம் நிற்கும்.

இது தொடங்கியது 1911 ஜனவரி 18-இல்! சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவில் நின்ற பென்சில்வேனியா என்ற போர்க்கப்பலின் மேல் பலகையை அடித்தார்கள். 22 கயிறுகளைக் குறுக்கே போட்டார்கள். ஒவ்வொரு கயிற்றின் இரு முனையிலும் 50 பவுண்டு மணல் மூட்டை! யூஜின் ஈலி என்ற இளைஞர் விமானத்தை ஓட்டிவந்து அந்தப் பலகைமேல் இறக்கினார். கொக்கி கயிற்றைப் பிடித்தது, மூட்டைகள் இழுபட்டன, விமானம் நின்றது! தண்ணீரில் விழுந்தால் மிதப்பதற்கு அவர் என்ன போட்டிருந்தார்? உடம்பைச் சுற்றி சைக்கிள் டியூப்! நூறாண்டு கடந்தும் அடிப்படை உத்தி அதேதான். கயிறு எஃகு வடமாயிற்று, மூட்டை இயந்திரமாயிற்று, அவ்வளவே!

அட்லாண்டிக்கை முதலில் தாண்டிய விமானம் எது?

லிண்ட்பெர்க் என்று சொல்ல வாய் வருகிறதா? அவர் 1927. அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே, 1919 மே மாதம், என்சி-4 என்ற பறக்கும் படகு தாண்டிவிட்டது! அசல் என்சி-4 பென்சகோலாவில் இருக்கிறது!

இறக்கையின் அகலம் 126 அடி. இன்று நம் ஊர்களுக்கு வந்துபோகும் போயிங் 737-800-ஐவிட அகலம்! அதுவும் மரச் சட்டமும் துணியுமாக! முதல் உலகப்போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகளை வேட்டையாடத் திட்டமிட்டது. கட்டி முடிப்பதற்குள் போர் முடிந்துவிட்டது. சும்மா இருப்பானேன், கடலைத் தாண்டிப் பார்ப்போம் என்று மூன்று பறக்கும் படகுகளைக் கிளப்பினார்கள். வழி தவறாமல் இருக்கக் கடலில் என்ன செய்தார்கள் தெரியுமா? சுமார் 50 மைலுக்கு ஒன்றாகப் போர்க்கப்பல்களையே வரிசையாக நிறுத்திவிட்டார்கள்!

அப்படியும் மூடுபனி விடவில்லை. என்சி-1 கடலில் இறங்கிச் சேதமாகி மூழ்கியது. அதில் வந்தவர்களை ஒரு கிரேக்கக் கப்பல் காப்பாற்றியது. என்சி-3 கதை இன்னும் அதிசயம்! கடலில் இறங்கியது, மறுபடி பறக்க முடியவில்லை. ஆட்கள் கைவிடவில்லை. காற்றைப் பிடித்து, விமானத்தைப் பாய்மரப் படகாக்கி, 200 மைலுக்கு மேல் மிதந்தே அசோர்ஸ் தீவுகளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்! ஆல்பர்ட் ரீட் தலைமையில் வந்த என்சி-4 மட்டும் பறந்து லிஸ்பன் போனது. நியூயார்க்கில் கிளம்பி லிஸ்பனைத் தொட 19 நாள்!

ஒரே பயணத்தில் இரண்டு சூரிய உதயம் பார்த்தவர்கள் யார்?

கேட்டலினா பறக்கும் படகில் இலங்கைக்கு வந்தவர்கள்! பென்சகோலாவில் ஒரு கேட்டலினாவின் பக்கவாட்டை அறுத்துத் திறந்து வைத்திருக்கிறார்கள். உள்ளே ஆட்கள் எங்கே உட்கார்ந்தார்கள், எங்கே படுத்தார்கள் என்று எல்லாம் தெரியும். எவ்வளவு நெருக்கடி என்பதை அங்கே பாருங்கள். பிறகு இதைப் படியுங்கள்.

சிங்கப்பூர் ஜப்பான் கையில் விழுந்தபின் ஆஸ்திரேலியாவுக்கான விமான வழி அறுந்துபோனது. 1943 முதல் 1945 வரை குவான்டாஸ் நிறுவனம் கேட்டலினாக்களைப் பெர்த் நகரிலிருந்து காலிக்கு அருகே உள்ள கொக்கல ஏரிக்கு நிற்காமல் பறக்கவிட்டது. 5,600 கிலோமீட்டர்! துப்பாக்கி கிடையாது. எதிரிக்குக் கேட்டுவிடும் என்பதால் ரேடியோவில் பேச்சும் கிடையாது. விண்மீன்களைப் பார்த்தே வழி பிடித்தார்கள். மிக நீண்ட பயணம் எவ்வளவு நேரம் தெரியுமா? 32 மணி 9 நிமிடம்! முழுக்க எரிபொருள் நிரப்பியதால் பயணிகள் மூன்று பேர் மட்டுமே, கூட 69 கிலோ தபால். பயணிகளுக்கு ‘இரட்டைச் சூரிய உதய ரகசியக் குழு’வில் உறுப்பினர் என்று சான்றிதழே கொடுத்தார்கள்!

வேகம் குறைந்த, அழகில்லாத இந்த விமானம்தான் 1941-இல் ஜெர்மனியின் பிஸ்மார்க் போர்க்கப்பலைக் கடலில் கண்டுபிடித்தது! 1942 ஏப்ரல் 4-இல் இலங்கையை நோக்கி வந்த ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு எச்சரித்ததும் கொக்கலயிலிருந்து பறந்த கேட்டலினா! அதை ஓட்டிய கனடாக்காரர் லியனார்ட் பர்ச்சால் செய்தியை அனுப்பி முடிப்பதற்குள் சுட்டு வீழ்த்தப்பட்டார், போர் முடியும்வரை ஜப்பானியச் சிறைமுகாமில் இருந்தார். ‘இலங்கையின் மீட்பர்’ என்று அவரைப் புகழ்ந்தார்கள். மிட்வேயை நோக்கி வந்த படையை முதலில் பார்த்ததும் இன்னொரு கேட்டலினாதான்! எனக்கென்னவோ, சுட்டு வீழ்த்திய விமானங்களைவிட இப்படிப் பார்த்துச் சொன்ன விமானங்கள் பெரிதாகத் தெரிகின்றன.

ஆளே இல்லாமல் ஊருக்குள் வந்து இறங்கிய வான்கப்பல்!

1942 ஆகஸ்ட் 16. எல்-8 என்ற ஹீலியம் வான்கப்பல் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து நீர்மூழ்கி தேடக் கிளம்பியது. உள்ளே இரண்டு அதிகாரிகள். கடலில் எண்ணெய்ப் படலம் தெரிகிறது, பார்க்கிறோம் என்று ரேடியோவில் சொன்னார்கள். அதற்குப் பிறகு பேச்சே இல்லை! சில மணி நேரத்தில் அந்த வான்கப்பல் தொய்ந்துபோய் டேலி சிட்டி என்ற ஊரின் தெருவில் வந்து விழுந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால் உள்ளே யாருமே இல்லை! பாராசூட்டுகள் வைத்த இடத்தில் இருந்தன. உயிர்காக்கும் படகும் இருந்தது. கதவு திறந்திருந்தது. இருவரும் என்ன ஆனார்கள்? இன்றுவரை யாருக்கும் தெரியாது!

அந்த அறைப்பெட்டியைப் பிறகு குட்இயர் நிறுவனம் விளம்பர வான்கப்பலில் மாட்டிப் பறக்கவிட்டது. இன்று அது பென்சகோலாவில்!

ஏழு பேரை ஏற்றி வந்த இரண்டு இருக்கை விமானம் தெரியுமா?

வியட்நாம் போரின் கடைசி நாட்கள், 1975 ஏப்ரல். சைகோன் விழுந்துகொண்டிருக்கிறது. தென் வியட்நாம் விமானப்படை மேஜர் புவாங் லீ, மனைவியையும் ஐந்து குழந்தைகளையும் பேர்ட் டாக் என்ற சின்னஞ்சிறு செஸ்னாவில் திணித்துக்கொண்டு கடல்மேல் பறந்தார். எங்கே போகிறோம் என்று அவருக்கே தெரியாது! கீழே மிட்வே என்ற விமானந்தாங்கிக் கப்பல் தெரிந்தது. ஆமாம், அந்தப் போரின் பெயரைத் தாங்கிய கப்பலேதான்!

கப்பல் தளம் முழுக்க ஹெலிகாப்டர்கள். இறங்க இடமில்லை. காகிதத்தில் எழுதிப் போட்டார், காற்று கடலுக்குக் கொண்டுபோனது. மறுபடி போட்டார். கடைசியில் கைத்துப்பாக்கி உறையில் வைத்துப் போட்ட சீட்டு தளத்தில் விழுந்தது. இடத்தைக் காலி செய்யுங்கள், இறங்குகிறேன், என் குடும்பத்தைக் காப்பாற்றுங்கள் என்று கேட்டிருந்தார்.

கப்பல் தலைவர் லாரன்ஸ் சேம்பர்ஸ் என்ன செய்தார் தெரியுமா? ஹெலிகாப்டர்களைக் கடலில் தள்ளச் சொன்னார்! சுமார் ஒரு கோடி டாலர் பெறுமானமுள்ள ஹெலிகாப்டர்களைக் கைக்குக் கை கொடுத்துக் கடலில் உருட்டிவிட்டார்கள் வீரர்கள்! புவாங் லீ அதுவரை ஒருமுறைகூடக் கப்பலில் இறங்கியதில்லை. விமானத்தில் கொக்கியும் கிடையாது. மழை வேறு. ஒரு துள்ளு துள்ளி நின்றது விமானம். ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார்கள். ஏழு பேரும் பிழைத்தார்கள்! அந்தச் செஸ்னாவுக்குப் பக்கத்தில் நின்று, குழந்தைகளை எங்கே வைத்திருப்பார்கள் என்று எட்டிப் பாருங்கள். என்ன யோசித்தாலும் விளங்காது!

தென் துருவத்தில் முதலில் இறங்கிய விமானமும் இங்கேதான்!

போரில் சாமான் சுமந்த டகோட்டா ரகம். பெயர் ‘கே செரா செரா’! 1956 அக்டோபர் 31-இல் இறங்கியது. 1912-இல் ஸ்காட் குழு கிளம்பிப் போனபின் அங்கே கால் வைத்த முதல் மனிதர்கள் இதில் வந்தவர்கள்தான்! குளிர் மைனஸ் 50 டிகிரி. 49 நிமிடம்தான் நின்றார்கள், அதற்குள் சறுக்குக் கட்டைகள் பனியில் ஒட்டிக்கொண்டன. என்ன செய்தார்கள்? உடம்பில் கட்டியிருந்த 15 சிறு ராக்கெட்டுகளைக் கொளுத்தித்தான் மேலே எழும்பினார்கள்!

போகிறவர்கள் மதியச் சாப்பாட்டை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். பிலிப்பைன்ஸில் இருந்த க்யூபி முனை கடற்படை அதிகாரிகள் விடுதியின் மதுக்கூடத்தை, சுவரில் விமானப் பிரிவுகள் மாட்டிவிட்டுப் போன பலகைகளோடு அப்படியே கொண்டுவந்து இங்கே உணவகமாக்கியிருக்கிறார்கள்! இன்னொன்று, இது இயங்கும் படைத்தளம். வெளிநாட்டவருக்கான நுழைவு விதிகள் மாறும். கிளம்புமுன் கேட்டுக்கொண்டு போங்கள்.

கிளம்பும்போது விண்வெளிப் பக்கத்தை விட்டுவிடாதீர்கள்! 1973-இல் ஸ்கைலேப் விண்நிலையத்துக்கு முதல் குழுவைக் கொண்டுபோன கலத்தின் அசல் கூடு அங்கே இருக்கிறது. போன மூவரும் கடற்படைக்காரர்கள். 28 நாள் விண்வெளியில் இருந்துவிட்டுப் பசிபிக்கில் இறங்கினார்கள். அவர்களைத் தூக்கிய கப்பல் எது தெரியுமா? டைகாண்டரோகா! 1945 ஜனவரியில் ஜப்பானியத் தற்கொலை விமானங்கள் மோதி எரிந்த அதே விமானந்தாங்கிக் கப்பல்!